குழம்பு வேறு, கேப்சூல் வேறு

குர்க்குமின் விற்பவர்கள் வாடிக்கையாக எடுத்துக்காட்டும் ஆய்வுகளில் ஒன்று நம் ஊரில் நடந்தது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் இங் ஸி பின் தலைமையிலான குழு, 2006-இல் ‘அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் எபிடெமியாலஜி’ இதழில் அதை வெளியிட்டது. மறதிநோய் இல்லாத, 60 முதல் 93 வயது வரையிலான 1,010 பேருக்கு நினைவு, கவனம், கணக்கு ஆகியவற்றைப் பார்க்கும் ஒரு சிறு தேர்வை வைத்தார்கள். கறி எவ்வளவு அடிக்கடி சாப்பிடுகிறீர்கள் என்றும் கேட்டுக்கொண்டார்கள். ‘அடிக்கடி’ என்றவர்களும் ‘எப்போதாவது’ என்றவர்களும், ‘இல்லவே இல்லை, அல்லது அரிதாக’ என்றவர்களைவிடக் கூடுதல் மதிப்பெண் பெற்றார்கள். மஞ்சளிலுள்ள குர்க்குமின்தான் காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். அதையும் அவர்கள் அடக்கமாகவே சொன்னார்கள்: இது முதற்கட்டச் சான்று, மருந்துச் சோதனைகளால் உறுதிப்படுத்தப்பட வேண்டும் என்று எழுதினார்கள். அந்த வரியை மட்டும் எந்த விளம்பரமும் எடுத்துப் போடுவதில்லை.

முதியவர்கள் கொண்டுவரும் மருந்துப் பையைப் பிரித்து, எதை எதனோடு சாப்பிடலாம், எதை நிறுத்த வேண்டும் என்று பார்த்துச் சொல்வது என் தொழில். இரத்த அழுத்த மாத்திரை, கொழுப்பு மாத்திரை, நீரிழிவு மாத்திரை எல்லாம் ஒழுங்காகப் பையிலிருந்து வெளியே வரும். குர்க்குமின் புட்டி மட்டும் வராது. கேட்டால்தான் பதில் வரும்: “அது மருந்து இல்லைங்க, மஞ்சள்தான்.” இந்தப் பதிலைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

முதலில் அந்த ஆய்வையே கொஞ்சம் உரசிப் பார்ப்போம். கறியை எப்போதாவது தொட்டுக்கொள்பவருக்கும் பலன் தெரிந்தது என்கிறது கட்டுரை. மருந்தியல் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் புருவம் உயரும். எப்போதாவது ஒருநாள் உடம்புக்குள் போய், சில மணி நேரத்தில் வெளியேறிவிடும் ஒரு பொருள், ஆண்டு முழுவதும் மூளையைக் காத்து நிற்கும் என்றால் அது இதுவரை நாம் அறிந்த எந்த மருந்தைப் போலவும் இல்லை. வேறு விளக்கம் இருக்கிறதா என்று தேடுவதுதான் முறை. பல் உறுதியாக இருக்கிறவர், படியிறங்கி உணவங்காடி நிலையத்துக்குப் போய் நான்கு பேரோடு உட்கார்ந்து கறி சாப்பிடுகிறார். உடம்பு தளர்ந்தவருக்கு வீட்டில் காரமில்லாமல் கஞ்சி வைத்துக் கொடுக்கிறார்கள். இருவருக்கும் தேர்வு வைத்தால் யாருக்கு மதிப்பெண் கூடும்? கறி காரணமா, கறி சாப்பிடும் தெம்பு காரணமா என்பதை ஒரே ஒரு நாள் கேள்வித்தாளால் பிரித்துக் காட்ட முடியாது. படிப்பு, நோய், பழக்கவழக்கம் ஆகியவற்றை ஆய்வாளர்கள் கணக்கில் கழித்துப் பார்த்தார்கள் என்பது உண்மை. கணக்கில் வராதவை எப்போதும் மிச்சம் இருக்கும்.

இன்னொரு சிங்கப்பூர் ஆய்வு இருக்கிறது. அதை எந்தப் புட்டியிலும் காண முடியாது. 2008-இல் சுரேஷ் சகாதேவனும் உடன் பணியாற்றியோரும் வெளியிட்டது. 50 வயதைத் தாண்டிய 14,817 பேரைக் கொண்டு, மறதிநோய் எந்த இனத்தாரிடம் எவ்வளவு என்று பார்த்தார்கள். சீனர்களோடு ஒப்பிட்டால் மலாய்க்காரர்களுக்கு அல்ஸைமர் ஆபத்து இரு மடங்கு. இந்தியர்களுக்கு அல்ஸைமரும், இரத்தக்குழாய்க் கோளாறால் வரும் மறதிநோயும் இரு மடங்குக்கும் மேல். இந்தத் தீவில் வேளை தவறாமல் மஞ்சள் சாப்பிடுகிறவர்கள் நாம்தான். மஞ்சள் மறதிக்கு அரண் என்றால் இந்தக் கணக்கு தலைகீழாக அல்லவா வந்திருக்க வேண்டும்?

காரணத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. 2010-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் இந்தியர்களில் 17.2 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது, சீனர்களில் 9.7. நீரிழிவும் இரத்த அழுத்தமும் மூளையின் சின்னஞ்சிறு இரத்தக்குழாய்களைக் கெடுத்துக்கொண்டே போகும். சிராங்கூன் சாலையில் சாப்பாட்டுக்கு மேல் சாப்பாடாக வெள்ளைச் சோறும், தட்டு நிறையப் புரோட்டாவும், மூன்று கரண்டிச் சீனி போட்ட தேநீரும் உள்ளே போகும்போது, குழம்பில் கிடக்கிற அரைச் சிட்டிகை மஞ்சளால் என்ன செய்துவிட முடியும்?

மஞ்சளுக்குச் சாதகமானதை மறைப்பதும் நேர்மை ஆகாது. அதே பல்கலைக்கழகக் குழு, 2,700-க்கும் மேற்பட்ட முதியவர்களை நான்கரை ஆண்டு பின்தொடர்ந்து 2022-இல் வெளியிட்ட முடிவும் கறியின் பக்கமே சாய்ந்தது. அதற்கு முன், 2012-இல், சீன முதியவர்களின் நுரையீரல் திறனைப் பார்த்தபோதும், குறிப்பாகப் புகைப்பவர்களிடம், கறி சாப்பிடுவோருக்கு மூச்சுத்திறன் கூடுதலாகத் தெரிந்தது. இவற்றைக் குப்பையில் போடச் சொல்லவில்லை. இவை எல்லாமே கறியைப் பற்றிய ஆய்வுகள். கேப்சூலைப் பற்றியவை அல்ல. கறி என்றால் தேங்காய்ப்பால், எண்ணெய், மீன், மல்லி, சீரகம், வெங்காயம், கூட உட்காரும் மனிதர்கள் எல்லாம் சேர்ந்தது. பக்கத்து வீட்டுக் கறி வாசத்தைப் பற்றிய புகார் ஒன்று செய்தியானபோது, 2011 ஆகஸ்ட் 21 அன்று இந்த ஊரின் எல்லா இனத்தாரும் ‘ஒரு சட்டி கறி வைப்போம்’ என்று அடுப்பைப் பற்றவைத்தார்கள். அன்று யாரும் குர்க்குமினை நினைத்துச் சமைக்கவில்லை.

இனி அந்தப் பொருளுக்கு வருவோம். மஞ்சளின் நிறத்துக்குக் காரணமான குர்க்குமினை 1815-இலேயே பிரித்தெடுத்துவிட்டார்கள். அதன் வேதி அமைப்பு 1910-இல் தெளிவானது. நல்ல மஞ்சள்தூளில் அது ஏறத்தாழ 3 விழுக்காடு. ஆலப்புழை மஞ்சளில் கூடுதல். கடையில் வாங்கும் கறிமசாலாவில் பெரும்பாலும் அதைவிடக் குறைவு. நாளொன்றுக்கு இரண்டு, இரண்டரை கிராம் மஞ்சள் சமையலில் சேர்ந்தால் 60, 70 மில்லிகிராம் குர்க்குமின் கிடைக்கும். அதிலும் அடுப்பு ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் 2007-இல் அளந்து சொன்னது: கொதிக்க வைத்தால் 27 முதல் 53 விழுக்காடு வரை அழிகிறது; குக்கரில் பத்து நிமிடம் வைத்தால்தான் இழப்பு அதிகம். துவரம்பருப்பு சேர்த்தாலும் இதே கதைதான். புளி சேர்த்தால் மட்டும் இழப்பு 12 முதல் 30 விழுக்காட்டுக்குள் நின்றுவிடுகிறது. குர்க்குமினுக்குக் காரத்தன்மை ஆகாது, புளிப்பு ஒத்துப்போகும். ரேஸ்கோர்ஸ் சாலையில் மீன்தலைக் கறி சாப்பிடுகிறவர்கள் இதைக் கேட்டு மகிழ்ந்துகொள்ளலாம். அதற்கு மேல் பெரிதாக எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

கேப்சூலின் கணக்கு வேறு. சாதாரணமாக விற்கும் 500 மில்லிகிராம் கேப்சூலில் 95 விழுக்காடு குர்க்குமினாய்டு என்று போட்டிருக்கும். அந்த அளவு குர்க்குமினைத் தூளிலிருந்து பெற வேண்டுமானால் சுமார் 15 கிராம் மஞ்சள்தூள் வேண்டும், ஐந்து தேக்கரண்டி. எந்தக் குழம்பிலும், எந்தப் பாட்டியும், எந்தக் காலத்திலும் ஒரு ஆளுக்கு ஒரு வேளைக்கு ஐந்து தேக்கரண்டி மஞ்சள் போட்டதில்லை. ஆகவே ‘ஆயிரம் ஆண்டுகளாக நம் முன்னோர் சாப்பிட்டது’ என்ற வாதம் கேப்சூலுக்குச் செல்லாது. உணவு நிறமியாகச் சேர்க்கும் குர்க்குமினுக்கு உலக உணவு, சுகாதார அமைப்புகளின் நிபுணர் குழு வைத்திருக்கும் அன்றாட வரம்பு, உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு 180. இதைத் தாண்டினால் உடனே நஞ்சு என்று பொருளல்ல. வாழ்நாள் முழுவதும் தினமும் சாப்பிட்டாலும் கவலையில்லை என்று சொல்லக்கூடிய எல்லை அது. ஒரே கேப்சூல் அந்த எல்லையை இரண்டரை மடங்கு தாண்டுகிறது.

தாண்டியும் என்ன பயன் என்பது அடுத்த சிக்கல். குர்க்குமின் தண்ணீரில் கரையாது. குடலில் கொஞ்சம் உள்ளே போனாலும் குடல் சுவரும் கல்லீரலும் அதை உடனே மாற்றி வெளியே தள்ளிவிடுகின்றன. 1998-இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் சில தன்னார்வலர்களுக்கு 2 கிராம் குர்க்குமின் கொடுத்து இரத்தத்தைச் சோதித்தார்கள். அநேகமாக ஒன்றும் தென்படவில்லை. மிளகிலுள்ள பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது அளவு 20 மடங்கு கூடியது. இன்று பாதிப் புட்டிகளில் ‘மிளகுச்சாறு சேர்த்தது, 2000 விழுக்காடு அதிகப் பலன்’ என்று அச்சாகியிருப்பதன் ஊற்றுக்கண் இந்தச் சிறிய ஆய்வுதான். கட்டுரையாளர்களில் ஒருவர், மிளகுச்சாற்றை உற்பத்தி செய்யும் நிறுவனத்தின் நிறுவனர். அதனால் ஆய்வு பொய்யாகிவிடாது. படிக்கும்போது நினைவில் வைக்க வேண்டும், அவ்வளவே. ஒன்றுமில்லாததற்குப் பக்கத்தில் நிற்கும் ஒரு அளவின் 20 மடங்கு எவ்வளவு பெரிதாக இருக்கும் என்றும் யோசிக்கலாம். 20 மில்லிகிராம் பைப்பரின் என்பது அரை கிராம் மிளகிலேயே கிடைத்துவிடும்; நம் ரசத்தில் அது இருக்கிறது. ரசத்தில் இல்லாதது 2 கிராம் குர்க்குமின்.

சோதனைக்குழாயில் குர்க்குமின் எல்லா நோய்க்கும் வேலை செய்வதுபோல் காட்டும். புற்றுநோய் உயிரணு, வீக்கம், பாக்டீரியா, எதன்மேல் ஊற்றினாலும் ஏதாவது நடக்கும். 2017-இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் கேத்ரின் நெல்சன் குழுவினர் ‘ஜர்னல் ஆஃப் மெடிசினல் கெமிஸ்ட்ரி’யில் இதற்கான விளக்கத்தை எழுதினார்கள். இந்த மூலக்கூறு ஒளி பட்டால் தானும் ஒளிரும், உலோகங்களைப் பிடித்துக்கொள்ளும், கண்ட புரதத்தோடும் ஒட்டும், சாதாரண உடல் வெப்பத்தில் நிமிடங்களில் சிதையும். இப்படிப்பட்ட பொருள் சோதனைக் கருவியையே ஏமாற்றிவிடும். மருந்து என்று தோன்றும், மருந்தாக இருக்காது. 120-க்கும் மேற்பட்ட மனிதச் சோதனைகள் நடந்தும், ஆய்வாளருக்கும் நோயாளிக்கும் தெரியாமல் போலி மாத்திரையோடு ஒப்பிட்ட எதிலும் தெளிவான வெற்றி இல்லை என்பது அவர்கள் தீர்ப்பு. அந்தத் துறையில் ஒருகாலத்தில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட, டெக்சாஸ் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தின் பரத் அகர்வால் எழுதிய கட்டுரைகளில் 7-ஐ ஒரே இதழ் 2016-இல் ஒரே மூச்சில் திரும்பப் பெற்றது. பிறகும் பல திரும்பப் பெறப்பட்டன. அவற்றை நம்பி எழுதப்பட்ட கட்டுரைகள் எத்தனை என்று யாரும் எண்ணித் திருத்தப் போவதில்லை.

நம்மவர்கள் பெருமையோடு சொல்லும் காப்புரிமை வழக்கையும் இங்கே தொட்டுவிட்டுப் போகலாம். காயத்தை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு மிசிசிப்பி பல்கலைக்கழகம் 1995-இல் பெற்ற அமெரிக்கக் காப்புரிமையை, இந்திய அறிவியல், தொழிலக ஆராய்ச்சி மன்றம் எதிர்த்து 1997-இல் ரத்து செய்ய வைத்தது. நியாயமான வெற்றி. அங்கே தீர்ப்பானது, ‘இது புதிதல்ல, இந்தியாவில் ஏற்கெனவே தெரிந்தது’ என்பது மட்டும். ‘இது குணப்படுத்துகிறது’ என்று அந்த அலுவலகம் சொல்லவில்லை. அது அதன் வேலையும் இல்லை.

மனிதர்களிடம் நடந்த சோதனைகளில் மறதியைப் பற்றியவை ஏமாற்றம்தான். ஹாங்காங்கில் 34 அல்ஸைமர் நோயாளிகளுக்கு ஆறு மாதம் கொடுத்துப் பார்த்து, 2008-இல் மாற்றம் ஒன்றும் இல்லை என்றார்கள். 2018-இல் கலிஃபோர்னியாவில், நன்றாக உறிஞ்சப்படும்படி தயாரித்த ஒரு வகையை மறதிநோய் இல்லாத 40 பேரிடம் 18 மாதம் சோதித்ததில் நினைவாற்றல் கொஞ்சம் கூடியது. நாற்பது பேர் போதாது. தாய்லாந்து ஆய்வுகள் இவற்றைவிடப் பொருட்படுத்தத்தக்கவை. முழங்கால் தேய்மானத்தால் வலிப்பவர்கள் 367 பேரிடம் 2014-இல் நடந்த சோதனையில், நாளுக்கு 1,500 மில்லிகிராம் மஞ்சள் சாறு நான்கு வாரத்தில் இபுபுரூஃபன் என்ற வலி மருந்துக்கு ஈடு கொடுத்தது. வயிற்றுத் தொல்லையும் குறைவு. 2023-இல், செரிமானக் கோளாறுக்கு ஒமிப்ரசோலுக்கு இணையாகக் குர்க்குமின் வேலை செய்தது என்ற ஆய்வும் அங்கிருந்துதான் வந்தது. மூட்டுவலிக்காகச் சில வாரம் எடுத்துப் பார்க்கிறேன் என்பவரிடம் நான் சண்டைக்குப் போவதில்லை. வலி மருந்து வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது தெரிந்ததுதானே. ‘மறதி வராமல் இருக்க, ஆயுசு முழுக்க’ என்பவரிடம்தான் என் வழக்கு.

அந்த வழக்கின் மையம் கல்லீரல். அமெரிக்காவில் மருந்தால் வரும் கல்லீரல் பாதிப்பைப் பதிவு செய்யும் வலையமைப்பு, மஞ்சள் மாத்திரையால் வந்ததாக முடிவுகட்டிய 10 பேரின் விவரத்தை 2023-இல் வெளியிட்டது. ஐவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள், ஒருவர் இறந்தார். பத்தில் ஏழு பேருக்கு எச்.எல்.ஏ-பி 35:01 என்ற மரபணு வகை இருந்தது. பச்சைத் தேயிலைச் சாற்றால் கல்லீரல் கெட்டவர்களிடமும் காணப்படும் அதே வகை. ஆஸ்திரேலியாவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 ஜூன் வரை இத்தகைய 18 புகார்களைப் பெற்று, பொதுமக்களை எச்சரித்தது. இத்தாலியில் 2019-இல் இருபதுக்கும் மேற்பட்டவர்களுக்குக் கல்லீரல் அழற்சி வந்தது. அதன் பிறகு அங்கே பெட்டியின்மேல் எச்சரிக்கை வாசகம் கட்டாயமானது; கல்லீரலுக்கு நல்லது என்று போட்டு விற்பதும் 2022-இல் தடை செய்யப்பட்டது. இவர்களில் எவரும் சமையலில் மஞ்சள் சேர்த்ததால் நோயாளி ஆனவர்கள் அல்லர். கோடிக்கணக்கானோர் சாப்பிடும் பொருளுக்கு இந்த எண்ணிக்கை சிறிதுதான். ஆனால் உடம்பு சரியாக இருக்கும்போதே, வருமுன் காக்க என்று சாப்பிடுகிற ஒன்றுக்கு நாம் வைக்க வேண்டிய அளவுகோல் கடுமையாக இருக்க வேண்டும். நோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர் கொஞ்சம் ஆபத்தை ஏற்கிறார், பதிலுக்குப் பலன் உண்டு. இங்கே பலன் உறுதியில்லை.

சிங்கப்பூரில் சத்து மாத்திரைகள் கடைக்கு வருமுன் சுகாதார அறிவியல் ஆணையத்தின் ஒப்புதலைப் பெற வேண்டியதில்லை. பாதுகாப்புக்கும் தரத்துக்கும் விற்பவரே பொறுப்பு. ஆணையம் சந்தையைக் கண்காணித்து, தவறு கண்டால் தடுக்கும். இத்தனை ஆயிரம் பொருள்களுக்கு வேறு வழி எளிதல்ல என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் இந்த ஒரு பொருளில், குறிப்பாக மிளகுச்சாறு கலந்த வகையில், கல்லீரல் எச்சரிக்கை பெட்டியின் முன்பக்கத்திலேயே நான்கு மொழிகளிலும் இருக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. தமிழ் தெரிந்த பாட்டி வாங்கும் பொருளில் ஆங்கிலப் பொடி எழுத்து யாருக்காக?

பைப்பரின் செய்வது என்னவென்றால், பொருள்களை மாற்றி வெளியேற்றும் குடல், கல்லீரல் நொதிகளைத் தடுப்பது. குர்க்குமினுக்கு மட்டும் கதவைத் திறந்துவிட்டு மற்ற மருந்துகளை அது வெளியே நிறுத்தி வைக்காது. கூடச் சாப்பிடும் சில மருந்துகளின் அளவும் இரத்தத்தில் ஏறலாம். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிட்டு வந்த நியூசிலாந்துக்காரர் ஒருவர், மஞ்சள் தயாரிப்பு ஒன்றை ஆரம்பித்ததும், 2-க்கும் 3-க்கும் இடையில் இருக்க வேண்டிய அவருடைய ஐ.என்.ஆர். (இரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் அளவு) 10-க்கு மேல் போய்விட்டது. 2018-இல் அந்நாட்டு மருந்துப் பாதுகாப்பு அமைப்பு இதைச் சொல்லி எச்சரித்தது. கனடாவில் வயிற்றுப் பெருந்தமனி அறுவைக்குச் சென்ற 606 பேரிடம், உடம்பைக் காக்கும் என்ற நம்பிக்கையில் அறுவையை ஒட்டிக் குர்க்குமின் கொடுத்துப் பார்த்தார்கள். பலன் இல்லை. சிறுநீரகப் பாதிப்பு குர்க்குமின் எடுத்தவர்களில் 17 விழுக்காடு, எடுக்காதவர்களில் 10. மஞ்சளில் ஆக்சலேட்டும் உண்டு; சிறுநீரகக் கல் வந்து போனவர்கள் கிராம் கணக்கில் விழுங்குவது நல்லதல்ல. பித்தப்பைக் கல் உள்ளவர்களுக்கும் ஆகாது.

சமையல் மஞ்சளுக்கு நான் முழு நற்சான்றிதழ் கொடுத்துவிட்டதாக நினைக்க வேண்டாம். அங்கே கவலை குர்க்குமின் அல்ல, ஈயம். கிழங்கு பளபளவென்று மஞ்சளாகத் தெரிய ஈயக் குரோமேட் என்ற சாயத்தைப் பூசும் வழக்கம் வங்காளதேசத்தில் வெகுகாலம் இருந்தது. 2019-இல் ஆய்வாளர்கள் அதை அம்பலப்படுத்தி, அரசும் கடுமை காட்ட, சந்தையில் 47 விழுக்காடு மாதிரிகளில் இருந்த கலப்படம் 2021-இல் இல்லாமலே போனது. இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, நேபாளத்தில் எடுத்த மாதிரிகளில் ஏழில் ஒன்று வரம்பு மீறியதாக 2024-இல் வந்த ஆய்வு சொல்கிறது. பாட்னாவில் கிராமுக்கு 1,000 மைக்ரோகிராமுக்கும் மேல். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் குறைக்கும். மூளைக்கு நல்லது என்று போடும் பொருளிலேயே மூளைக்குக் கேடு வந்து உட்கார்ந்துகொள்ளும் கொடுமை இது. விரலி மஞ்சளாக வாங்கி மில்லில் கொடுத்து அரைத்துக்கொண்டால் தப்பிக்கலாம் என்று தேக்காவில் பலர் நம்புகிறார்கள். சாயம் பூசப்படுவதே கிழங்கில் என்பதால் அதுவும் முழுக் காப்பல்ல. கண்ணைப் பறிக்கும் நிறத்தைத் தவிர்த்து, மண்ணும் சுருக்கமும் தெரிகிற மங்கலான கிழங்கை எடுங்கள். ஊரிலிருந்து உறவினர் மூட்டை கட்டிக் கொடுத்தனுப்பும் தூளுக்கு எந்தச் சோதனையும் இல்லை. முறையாக இறக்குமதியாகும் பொட்டலங்களுக்குச் சிங்கப்பூர் உணவு அமைப்பின் கண் உண்டு. 2024 ஏப்ரலில் எவரெஸ்ட் மீன் கறி மசாலாவைத் திரும்பப் பெறச் சொன்னது அந்த அமைப்புதான்; அது ஈயத்துக்காக அல்ல, எத்திலீன் ஆக்சைடு என்ற பூச்சிக்கொல்லிக்காக.

குர்க்குமின் கேப்சூல் எடுத்துக்கொண்டிருப்பவர்கள் அடுத்த முறை பலதுறை மருந்தகத்துக்குப் போகும்போது அந்தப் புட்டியையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். வார்ஃபரின் அல்லது அதுபோன்ற மருந்து எடுப்பவர்கள், உறுப்பு மாற்று அறுவை செய்தவர்கள், கல்லீரல் நோய் உள்ளவர்கள் அதுவரை காத்திருக்காமல் இப்போதே நிறுத்தலாம். அறுவைக்கு நாள் குறித்திருந்தால் மயக்க மருத்துவரிடம் சொல்லுங்கள். காரணமில்லாத அசதி, பசியின்மை, அரிப்பு, தேநீர் நிறத்தில் சிறுநீர், கண்ணில் மஞ்சள் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அன்றே மருத்துவரைப் பாருங்கள். ‘மஞ்சள் சாப்பிடுகிறேன், அதனால்தான் மஞ்சளாகப் போகிறது’ என்று சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டாம். சிறுநீரை நிறம் மாற்றும் அளவுக்குக் குர்க்குமின் இரத்தத்தில் ஏறுவதே இல்லை. புட்டியைக் கொண்டுபோகச் சொல்வதற்கும் காரணம் உண்டு. மிளகுச்சாறு கலந்திருக்கிறதா, எத்தனை மில்லிகிராம், கூடவே அஸ்வகந்தாவோ பச்சைத் தேயிலையோ சேர்ந்திருக்கிறதா என்பதெல்லாம் பின்பக்கத்துப் பொடி எழுத்தில்தான் இருக்கும். மஞ்சள் மாத்திரை என்று வாயால் சொன்னால் மருத்துவருக்கு அது தெரியாது.

கட்டுரையாளர் சிங்கப்பூரில் முதியோர் மருத்துவத்தில் பணியாற்றும் மருந்தாளர்.